நுரையீரலில் உறைந்த ரத்தம்: மாத்திரையைக் கூட்டலாமா, நிறுத்தலாமா?

46 வயதுப் பெண்மணி ஒருவர் தம் நோயின் போக்கை அறிக்கைகளில் உள்ள எண்களோடு விரிவாக எழுதியிருக்கிறார். கோவிட் தொற்று நிமோனியாவாக முற்றியதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒன்பது நாட்கள் ஆக்சிஜன் பெற்றவர், வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் மூச்சுத்திணறல் திடீரென்று அதிகரித்தபோது எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராமில், வலது நுரையீரலின் கீழ்மடலுக்குச் செல்லும் தமனியின் கிளை ஒன்றில் ரத்த உறைவு இருப்பது தெரியவந்தது. சேர்ந்த நாளிலிருந்தே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டும் உறைவு வந்தது எப்படி, சிகிச்சையில் தவறு நடந்ததா என்ற மனக்குறை அவருக்கு இருக்கிறது. இப்போது பத்து வாரம் கடந்துவிட்டது. உறைவைத் தடுக்கும் அபிக்சபான் 5 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துவருகிறார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது; ஆனால் ஆக்சிமீட்டர் 97 என்றே காட்டுகிறது.

அவருடைய பெரிய அச்சம், உறைவு தொடர்பான டி-டைமர் என்னும் ரத்தப் பரிசோதனை குறித்தது. வீடு திரும்பிய அன்று 1.1 என்று இருந்தது, போன வாரம் வெளியில் வேறொரு ஆய்வகத்தில் பார்த்தபோது 420 என்று வந்திருக்கிறது. உறைவு பன்மடங்கு பெருகிவிட்டதாக நினைத்து, மாத்திரையை மூன்று வேளையாக்கலாமா என்று கேட்கிறார். அவருடைய அக்காவோ, மாத்திரை தொடங்கியதிலிருந்து மாதவிடாயில் ரத்தப்போக்கு மிக அதிகமாகிவிட்டதால் அதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினுக்கு மாறச் சொல்கிறார். ரத்தப்போக்கு கூடுதலாக இருக்கும் நாட்களில் இரவு மாத்திரையைத் தாமே விட்டுவிடுவதாகவும், நோய்க்கு முன்பு மாதவிடாயைச் சீராக்க எடுத்துவந்த ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை மீண்டும் தொடங்க எண்ணுவதாகவும் வாசகி குறிப்பிட்டிருக்கிறார். மருத்துவமனையில் ஃபெரிட்டின் என்னும் ரத்தப் பரிசோதனை அளவு 900-ஐத் தாண்டியதால், ‘உடம்பில் இரும்புச்சத்து மிகுந்துவிட்டது’ என்று வழக்கமான இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். மீந்துபோன ஸ்டீராய்டு மாத்திரைகளை மூச்சு வாங்கும்போது போட்டுக்கொள்ளலாமா, இணையத்தில் விற்கும் ‘உறைவைக் கரைக்கும் என்சைம்’ வாங்கலாமா, நடந்தால் உறைவு நகர்ந்து இதயத்தை அடைத்துவிடுமா என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக அஞ்சும் விஷயம் ஒன்று; என்னைக் கவலைப்படுத்தும் விஷயம் வேறொன்று. டி-டைமர் 420 என்னைக் கலங்க வைக்கவில்லை. அதிகமான ரத்தப்போக்கு, நிறுத்தப்பட்ட இரும்புச்சத்து, விட்டுவிட்டு எடுக்கப்படும் அபிக்சபான், மீண்டும் தொடங்கப்படவிருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆகிய நான்கும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் சேர்வதுதான் கவலைக்குரியது. ஆகவே விளக்கங்களுக்கு முன் மூன்று வேண்டுகோள்கள். அபிக்சபானை உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவிலேயே, ஒரு வேளையும் விடாமல் தொடருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடாதீர்கள். இந்த வாரமே ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு, அந்த அறிக்கையோடு உங்கள் நுரையீரல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.

நுரையீரலுக்குள் நடந்தது என்ன

காய்ச்சல் ஒரு நோய், உறைவு அதற்குப் பின் தற்செயலாக வந்து சேர்ந்த இன்னொரு நோய் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது கடிதத்தின் போக்கில் தெரிகிறது. அப்படிப் பிரித்துப் பார்ப்பதால்தான் ‘ஊசி போட்டும் ஏன் வந்தது’ என்ற கேள்வி உங்களை வாட்டுகிறது. உண்மையில் அழற்சியும் உறைதலும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு சேர்ந்தே நடப்பவை.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய ரத்த நுண்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன; காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கோவிட் வைரஸ் ஏ.சி.இ.2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுண்ணறைகளைச் சுருங்கிவிடாமல் காக்கும் திரவத்தைச் சுரக்கிற செல்களுக்குள் நுழைகிறது. அந்தச் செல்கள் அழியும்போது நுண்ணறைகள் மடங்குகின்றன, நீர் கோர்க்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. சுவர் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், காற்றுப் பக்கத்தில் மூண்ட அழற்சி மறுபக்கத்திலுள்ள நுண்குழாயின் உட்படலத்தை எட்டுவதற்கு நேரமாவதில்லை.

அந்த உட்படலம் நல்ல நிலையில் இருக்கும்வரை, ரத்தம் உறையாமல் ஓடுவதற்கான வேலைகளை ஓயாமல் செய்துகொண்டிருக்கும்: நைட்ரிக் ஆக்சைடையும் பிராஸ்டாசைக்ளினையும் வெளியிட்டுத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கும், உறைதலைத் தொடங்கவைக்கும் புரதங்களை மறைத்து வைத்திருக்கும். அழற்சி தாக்கியதும் இந்த நிலை தலைகீழாகிறது. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் பெருக, திசுக் காரணி எனப்படும் புரதம் வெளிப்பட்டு உறைதல் தொடங்குகிறது. வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் இன்னொரு புரதம் தட்டணுக்களை இழுத்து ஒட்டவைக்கிறது. அங்கு விரைந்து வரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தங்கள் மரபணு இழைகளையே வெளியே வீசி வலையாக விரிக்கின்றன. கிருமியைச் சிக்கவைக்கும் இந்த உத்தி 2004இல்தான் கண்டறியப்பட்டது. ஆனால் அதே வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும், உறைவைப் பிணைக்கும் ஃபைப்ரின் இழைகளும் சிக்கிக்கொள்கின்றன. உறைதலின்போது உண்டாகும் திராம்பின், உட்படலத்திலுள்ள ஏற்பிகளைத் தூண்டி அழற்சியை மேலும் வளர்க்கிறது. உறைவைக் கரைக்க வேண்டிய பிளாஸ்மினின் கையைக் கட்டிவிடும் இன்னொரு புரதமும் இந்தச் சமயத்தில் பெருகிவிடுகிறது.

இது உடலின் முட்டாள்தனம் அன்று. கிருமி பரவிவிடாமல் அதைச் சிறு குழாய்களுக்குள்ளேயே முடக்கிவைக்கும் பழைமையான தற்காப்பு இது; நோயெதிர்ப்பு சார்ந்த ரத்த உறைவு என்று 2013 முதல் இதற்குத் தனிப் பெயரே உண்டு. அளவு மீறும்போதுதான் தற்காப்பு கேடாகிறது. 2020இல் வெளியான உடற்கூறு ஆய்வு ஒன்றில், கோவிடால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும் இன்ஃப்ளூயன்ஸாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும் ஒப்பிட்டபோது, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய் உறைவுகள் கோவிட் நுரையீரல்களில் 9 மடங்கு மிகுதியாக இருந்தன. மாதிரி சிறியது, இறந்தவர்களின் நிலை உங்களைப் போல் பிழைத்து வந்தவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் உறைவு காலிலிருந்து கிளம்பி வந்து அடைத்ததாக மட்டும் எண்ண வேண்டியதில்லை, பழுதுபட்ட நுரையீரலுக்குள்ளேயே அது உருவாகக்கூடும் என்பதை அது தெளிவாகக் காட்டியது. உங்கள் கால் ஸ்கேனில் உறைவு எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இப்போது ஊசி பற்றிய உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். தடுப்பு அளவில் போடப்படும் ஹெபாரின் உறைவின் வாய்ப்பைக் குறைக்கும். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது அதை முற்றிலும் நீக்கிவிடாது. முழு அளவு ஹெபாரினைச் சோதித்து 2021இல் வெளியான பெரிய ஆய்வுகளில், நடுத்தர நிலையில் இருந்த நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் அளவுக்கு முற்றியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் உறைதலை மட்டும் தடுத்து நுரையீரலை மீட்க முடியவில்லை. ஆக, தடுப்பூசி போல் ஹெபாரின் உங்களைப் பாதுகாத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொருந்தாது. உறைவு வந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. மனம் ஆறவில்லையென்றால், உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் சி.டி. படங்களையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடல் பற்றிய ஆவணம், கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஹெபாரின் முதல் ஊசி எந்தத் தேதியில், எந்த அளவில், உங்கள் எடைக்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் ஏற்ப அமைந்ததா என்று இன்னொரு மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியும்.

1.1 எப்படி 420 ஆனது

ஃபைப்ரின் இழைகளைப் பிளாஸ்மின் அறுக்கும்போது சிதறும் துணுக்குதான் டி-டைமர். மரம் அறுக்கும் இடத்தில் கிடக்கும் மரத்தூளைப் போல, அறுப்பு நடக்கிறது என்பதை அது சொல்லும். இன்னும் எத்தனை மரம் நிற்கிறது என்பதைச் சொல்லாது. தொற்று, அறுவைசிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், முதுமை எனப் பல காரணங்களால் அது உயரும்.

நீங்கள் அனுப்பிய இரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மருத்துவமனை அறிக்கையில் 1.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘மைக்ரோகிராம், எஃப்.இ.யூ.’ என்றிருக்கிறது. வெளி ஆய்வக அறிக்கையில் 420-க்குப் பக்கத்தில் ‘நானோகிராம், டி.டி.யூ.’ என்றிருக்கிறது. இரண்டும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கான அளவுதான், ஆனால் அலகு வேறு. முதலாவதை நானோகிராமாக்கினால் 1,100. இரண்டாவது வகை அலகில் வரும் எண்ணை முதலாவது வகைக்கு மாற்றத் தோராயமாக இரண்டால் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 840. அதாவது 1,100-லிருந்து 840-க்கு இறங்கியிருக்கிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி வேறுபடுவதால் இந்தக் கணக்கை நூலிழைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பன்மடங்கு உயர்வு என்பது நிச்சயமாக இல்லை. நீங்கள் இத்தனை நாள் உறக்கமின்றிக் கழித்ததற்குக் காரணம் அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த அந்த அலகு. ஆய்வகங்கள் இதைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எண் உண்மையிலேயே உயர்ந்திருந்தாலும்கூட, அதை வைத்து அபிக்சபான் அளவைக் கூட்டும் வழக்கம் இல்லை. முதல் 7 நாட்கள் 10 மில்லிகிராம் இருவேளை, பிறகு 5 மில்லிகிராம் இருவேளை என்ற முறை பெரிய ஆய்வுகளில் சோதித்து வகுக்கப்பட்டது. மூன்றாம் வேளை சேர்த்தால் கூடுவது ரத்தக்கசிவு மட்டுமே. இந்த மருந்து உறைவை நேரடியாகக் கரைப்பதும் இல்லை. புதிதாக உறைதல் நடக்காமல் தடுத்து, ஏற்கெனவே இருப்பதைக் கரைக்க உடலுக்கு அவகாசம் தருகிறது. அதன் வீரியம் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால்தான் இருவேளை. நீங்கள் இரவு மாத்திரையை விடும் நாட்களில், விடியும்போது உங்கள் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. மறந்துபோனால் நினைவு வந்தவுடன் அன்றைக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போடாதீர்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள்

‘மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது’ என்று ஒரு வரி. ‘ஃபெரிட்டின் கூடுதலாக இருந்ததால் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று பின்னால் எங்கோ இன்னொரு வரி. இவ்விரண்டையும் மாடிப்படியில் வாங்கும் மூச்சோடும் ஆக்சிமீட்டரின் 97-ஓடும் சேர்த்துப் படிக்கும்போது, ரத்தசோகையை முதலில் தேட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆக்சிமீட்டர், இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதைக் காட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவருக்கும் விரலில் 97 வரலாம். படி ஏறும்போது இதயம் படபடத்து மூச்சு வாங்கும். நுரையீரல் பழுதாகிவிட்டது என்று நீங்கள் எண்ணியிருக்கும் மூச்சிரைப்பின் ஒரு பங்காவது, எளிதில் சரிசெய்யக்கூடிய இந்தக் குறைபாட்டிலிருந்து வரக்கூடும். பத்து வாரமாக யாரும் ஹீமோகுளோபின் பார்க்கவில்லை என்பதைப் படித்து வருந்தினேன்.

ஃபெரிட்டின் பற்றிய குழப்பம் மிகப் பலருக்கு இருக்கிறது. அது இரும்பைச் சேமிக்கும் புரதம். ஆனால் கடும் அழற்சியின்போது இரும்பு இருப்புக்குத் தொடர்பே இல்லாமல் அது பல மடங்கு உயரும். மருத்துவமனையில் அதைப் பார்த்தது அழற்சியின் உக்கிரத்தை அளக்கத்தான். அந்த 900-ஐ வைத்து உங்கள் உடலில் இரும்பு மிகுந்திருப்பதாக முடிவுகட்ட இயலாது. இப்போதும் அழற்சி முழுதாகத் தணியாமல் இருந்தால், ஃபெரிட்டின் இயல்பாகத் தோன்றி உண்மையான குறைபாட்டை மறைக்கக்கூடும்; எனவே ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வழிகள் இருக்கின்றன; அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் எச்சரிக்கை தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உறைதலைத் தூண்டக்கூடியது. நோய்க்கு முன் அதை எடுத்துவந்தீர்கள் என்பதே உங்கள் உறைவுக்குத் துணைக் காரணமாக இருந்திருக்கலாம். இத்தகவலை மருத்துவமனையில் சொன்னீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை, இனிமேலாவது ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாதவிடாயைத் தள்ளிப்போட எளிதாகக் கடையில் வாங்கும் நார்எத்திஸ்டிரோன் மாத்திரையும், கூடுதல் அளவில் எடுக்கும்போது ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் உறைவு கரைவதையே தடுத்து வேலை செய்வது. இவ்விரண்டையும் சுயமாக எடுக்கக் கூடாது. கருப்பைக்குள் பொருத்தும், லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் சாதனம் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்ற வழி; அதன் மருந்து பெரிதும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் உறைவு அச்சம் மிகக் குறைவு. இன்னொன்றும் கவனியுங்கள்: 46 வயதில் இவ்வளவு ரத்தப்போக்கு இருந்தால், நார்த்திசுக் கட்டியோ கருப்பை உட்படலத் தடிப்போ முன்பே இருந்து, அபிக்சபான் அதை வெளிக்கொண்டுவந்திருக்கலாம். பழியை மருந்தின்மேல் போட்டு நிறுத்திவிடாமல், அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஆஸ்பிரினுக்கு மாறச் சொல்லும் அக்காவின் அக்கறை புரிகிறது. ஆனால் ஆஸ்பிரின் தட்டணுக்களை மட்டுமே தடுக்கும். மூன்று மாத சிகிச்சை தேவைப்படும் நுரையீரல் உறைவுக்கு அது மாற்று ஆகாது. ஏறத்தாழ 15,000 கோவிட் நோயாளிகளைக் கொண்டு நடந்த ரெகவரி ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தது இறப்பைக் குறைக்கவில்லை. அபிக்சபானோடு ஆஸ்பிரினோ, உடல்வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவையோ சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இணையத்தில் விற்கும் என்சைமுக்கு உங்கள் நிலையில் பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ரத்தப்போக்கைக் கூட்டும் வாய்ப்பு மட்டும் இருக்கிறது. வாங்காதீர்கள்.

மீந்துபோன ஸ்டீராய்டு

டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உங்கள் உயிரைக் காத்ததில் பங்கு வகித்திருக்கலாம். 2020இல் ரெகவரி ஆய்வு காட்டியது இதுதான்: ஒரு நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாட்கள் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அவர்களில் மருந்து பெறாதவர்களில் 14.0 விழுக்காட்டினரும், பெற்றவர்களில் 17.8 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்றாலும், தீங்கின் சாயலை ஒதுக்கிவிட முடியாது. ஒரே மருந்து, ஒரே நோய். கட்டம் மாறியதும் விளைவு மாறிவிட்டது.

மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு மாத்திரை என்று போட்டுக்கொண்டால், இப்போது இருக்கும் நிலையை அது மறைத்துவிடும். சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசைகளை நலிவிக்கும், அந்த நலிவே படி ஏறுவதை இன்னும் கடினமாக்கும். அதேசமயம், தொற்றுக்குப் பிறகு சிலருக்கு நுரையீரலில் அழற்சி தணியாமல் நிமோனியா போன்ற திட்டுகளாக நீடிப்பதுண்டு. அவர்களுக்கு மருத்துவர் கணக்கிட்டுச் சில வாரங்கள் ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். உங்களுக்கு அது தேவையா என்பதைப் புதிய சி.டி. படமும் மூச்சுச் சோதனையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வீட்டில் இருக்கும் மாத்திரைப் பட்டையை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது அப்புறப்படுத்துங்கள்.

சி.டி. அறிக்கையில் ‘மங்கலான கண்ணாடி போன்ற நிழல்’ என்றிருப்பதைத் தழும்பு என்று நினைத்துவிட்டீர்கள். பத்து வாரத்தில் தெரியும் அத்தகைய நிழல்களில் பெரும்பாலானவை ஆறிக்கொண்டிருக்கும் அழற்சியின் அடையாளங்கள். மாதக்கணக்கில் அவை தேய்கின்றன, நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறன் ஓராண்டு வரைகூட மேம்பட்டுக்கொண்டே போவதைக் காண்கிறோம். சிலருக்கு நிரந்தரத் தழும்பு எஞ்சும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதும் காலம் இன்னும் வரவில்லை.

மூன்றாம் மாதத்தில் என்ன கேட்க வேண்டும்

நடந்தால் உறைவு நகர்ந்துவிடும் என்று அஞ்சிப் பகலெல்லாம் படுத்தே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முறையாக மருந்து எடுப்பவர் நடமாடுவதால் ஆபத்து கூடுவதில்லை. அசையாமல் கிடப்பதுதான் கால் நாளங்களில் ரத்தத்தைத் தேக்கும். இன்றே நடக்கத் தொடங்குங்கள், மூச்சு வாங்கினால் நின்று, பிறகு தொடருங்கள். ஆக்சிமீட்டரை உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதோடு, நடந்து முடித்த உடனேயும் பாருங்கள். 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அல்லது 90-க்குக் கீழே போனால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். கருமையான தோலில் இக்கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத்திணறலை ஒதுக்கிவிடவும் கூடாது.

நுரையீரல் உறைவுக்குக் குறைந்தபட்ச சிகிச்சைக் காலம் 3 மாதம். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்போல் இருக்கிறது. அதன் பிறகு நிறுத்துவதா தொடர்வதா என்பதற்கு, உறைவைத் தூண்டிய காரணம் நீங்கியதா என்பதே முதன்மையான கேள்வி. உங்களுக்குக் கடும் தொற்று, மருத்துவமனைப் படுக்கை, ஈஸ்ட்ரோஜன் ஆகிய மூன்றும் தற்காலிகக் காரணங்கள். மூன்றும் விலகிவிட்டால், பொதுவாக நிறுத்துவதையே மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். மறுபக்கமும் இருக்கிறது. ஸ்வீடனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றாளர்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நுரையீரல் உறைவின் வாய்ப்பு தொற்றுக்குப் பின் 6 மாதம் வரையிலும், ரத்தக்கசிவின் வாய்ப்பு 2 மாதம் வரையிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே மூச்சிரைப்பு நீடிக்கும் நிலையில், நாட்காட்டியைப் பார்த்து மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து.

ரத்தசோகை சரியான பிறகும் மூச்சு வாங்கினால், எக்கோ எடுத்து இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஐயம் எழுந்தால், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே சென்று சேர்கின்றன என்று காட்டும் வி.கியூ. ஸ்கேன் தேவைப்படும். நுரையீரல் உறைவிலிருந்து மீண்டவர்களில் நூற்றில் சிலருக்கு, உறைவு முழுதாகக் கரையாமல் குழாய்ச் சுவரோடு தழும்பாக ஒட்டி, நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அரிதான நிலைதான், ஆனால் அறுவைசிகிச்சையும் வேறு சிகிச்சைகளும் உள்ள நிலை. காலம் தாழ்த்தாமல் கண்டுபிடித்தால் பெரும் பயன் உண்டு. இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று இப்போது நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் அக்காவுக்கும் மரபுவழி உறைவுக் கோளாறு இருக்குமோ என்ற ஐயத்துக்கு: தூண்டிய காரணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அச்சோதனைகள் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை, அபிக்சபான் எடுக்கும்போது அவற்றில் சில தவறான முடிவையும் காட்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இளவயதில் உறைவு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

திடீரென்று மூச்சுத்திணறல் கூடுதல், மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்துவலி, இருமலில் ரத்தம், மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவை புதிய உறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். தலையில் அடிபடுதல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, கரிய மலம், ஒரு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் அடுத்தடுத்த மணிநேரங்களில் நனையும் ரத்தப்போக்கு ஆகியவை ரத்தக்கசிவின் அபாய அறிகுறிகள். இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அபிக்சபான் எடுக்கிறீர்கள் என்பதையும் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் முதலில் சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் அதைச் சொல்ல வேண்டியவர் அக்காவாகவே இருப்பார் என்பதால், இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.